நடுவில் ஒரு தட்டு

டெல்லி மெட்ரோவில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் சிலரைச் சுற்றி மட்டும் தானாக இடம் உண்டாகிவிடும். குடித்துவிட்டு ஏறியவர், வாந்தி வருகிறதென்று வாயைப் பொத்திக்கொண்டவர், தனக்குத் தானே பேசிக்கொள்கிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜனக்புரி மேற்கில் நான் ஏறியபோது மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒரு பெண்மணியைச் சுற்றி அப்படியொரு வட்டம் இருந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தொடையில் தட்டித் தட்டி, "கித்... தெ. கித்... தெ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு சர்தார்ஜி தன் பேரனை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வேறு யாரும் இல்லை, என்னோடு ஜப்பானிய மொழி வகுப்பில் படிக்கிற அக்காதான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "சார், ஒஹாயோ கொசாய்மாஸ்" என்று ஜப்பான் காலை வணக்கம் சொன்னார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாங்கள் இறங்க வேண்டிய ராஜேந்திரா பிளேஸ் வரைக்கும் பதினோரு நிலையம். பதினோரு நிலையமும் ஜன்னலையே பார்த்தபடி வந்தேன். அவர் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. முதுகுக்குப் பின்னால் "கித்... தெ" மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதுவதென்றால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். பொது இடத்தில் வாய் திறக்க என்னைப் போல் வெட்கப்படுகிற ஆளையும் நான் பார்த்ததில்லை. அவரைப் போல் வெட்கமே இல்லாத ஆளையும் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. குர்காவுனில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை. கம்பெனிக்கு ஜப்பான் தொடர்பு உண்டு. மொழி தெரிந்தவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு அடிபட்டதால் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். அந்த வகுப்பை நடத்தியது, முதியோர் இல்ல வேலைக்கு இங்கிருந்து ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் ஒரு அலுவலகம். என்னைத் தவிர வகுப்பில் இருந்த எல்லாரும் அந்த வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். அக்காவுக்கு முப்பத்தொன்பது.

திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி டெல்லி வந்தவர். கணவர் ஒரு வங்கி அதிகாரிக்குக் கார் ஓட்டினார், மகள் பதினொன்றாவது படித்தாள். அக்கா எங்கள் பகுதியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பதினெட்டு வருஷமாக ஆயா. கிழவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவர்தான். செய்த பெயர் மட்டும் நர்ஸ் கணக்கில் போகும்.

"அங்க இதுக்கு ஒரு பரீச்ச இருக்காம் சார்" என்றார் முதல் வாரமே. "பாஸ் பண்ணா சட்டையில நம்ம பேரு, கீழ வேலையோட பேரு, ரெண்டும் போடுவாங்களாம். இங்க இத்தினி வருசத்துல என்னைப் பேரு சொல்லி ஒருத்தர் கூப்ட்டதில்ல. 'ஏ ஆயா, ஜல்தி.' அவ்ளோதான். நான் செய்யிற வேலைக்கு ஒரு பேரு இருக்குதுன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

நாற்பது முடிந்தவர்களை அந்த அலுவலகம் எடுப்பதில்லை. அவருக்கு நவம்பரில் நாற்பது முடிகிறது. அதற்குள் ஜப்பானிலிருந்து வீடியோவில் நடக்கும் நேர்காணலில் தேற வேண்டும். இதை அவர் ஒருபோதும் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம், "நவம்பர் வரைக்கும்தான் எனக்கு டைம்" என்று கைகுலுக்குவது போல் சொல்லிவிடுவார்.

எங்கள் சென்செய், அதாவது டீச்சர், ஒசாகாவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்த பஞ்சாபிப் பெண்மணி. எழுத்தை விடப் பேச்சுக்குத்தான் மார்க் போடுவார். முதல் மாதத்திலேயே எங்களை மடக்கியது இரட்டித்து வரும் எழுத்து. தமிழில் இல்லாத இரட்டிப்பா என்று நான் மிதப்பாகத்தான் இருந்தேன். பத்து, பட்டு, பச்சை என்று பிறந்ததிலிருந்து இரட்டித்துக்கொண்டிருக்கிறோம். சென்செய் அதற்கெல்லாம் மசியவில்லை. ஜப்பான்காரர்கள் அதை ஒரு முழுத் தட்டாக எண்ணுவார்கள். 'கித்தெ' என்றால் இரண்டு தட்டு அல்ல, மூன்று. முதல் தட்டில் 'கி'. மூன்றாம் தட்டில் 'தெ'. நடுத் தட்டில் சத்தம் கிடையாது. நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்து அழுத்தி, காற்றை உள்ளேயே பிடித்துக்கொண்டு, அந்தத் தட்டு போகும்வரை சும்மா இருக்க வேண்டும்.

"சும்மா இருப்பதையும் உச்சரிக்க வேண்டும்" என்பார் சென்செய் இந்தியில். "அதை முழுங்கிவிட்டால், 'இங்கே வாங்க', 'வெட்டுங்க' இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே போய் ஒரு கிழவியை வெட்டச் சொல்லாதீர்கள்."

நாங்கள் இரண்டு தமிழர்களும் இதில் எல்லாரையும் விட மோசம். இந்திக்காரப் பெண்கள் இரட்டிப்பதை மட்டும்தான் சரியாகச் செய்ய வேண்டியிருந்தது. நாங்களோ தமிழ் எழுத்தில் குறிப்பு எடுத்தோம். ஒற்றையாக எழுதினால் வாசிக்கும்போது 'கதை'யில் வரும் 'த' மாதிரிக் குழைந்துவிடும், அதனால் எல்லாவற்றுக்கும் ஒற்று போட்டு எழுதி வைத்தோம். வீட்டில் உட்கார்ந்து படித்தால் நோட்டில் எல்லா வார்த்தையும் இரட்டிப்பு. இரட்டிக்கக் கூடாத இடத்தில் இரட்டிப்போம், இரட்டிக்க வேண்டிய இடத்தில் அவசரமாக ஓடிவிடுவோம். சென்செய் எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த எழுத்தை விட்டுத் தொலையுங்கள் என்றார். நான் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். அக்கா அன்றைக்கே அந்தப் பக்கங்களைக் கிழித்து, நர்சிங் ஹோமில் மாத்திரை மடிக்கக் கொடுத்துவிட்டார்.

அவருக்குத் தனியாக ஒரு கஷ்டம் இருந்தது. பேச்சு ரொம்ப வேகம். பதினெட்டு வருஷம் 'ஜல்தி' கேட்டுக் கேட்டு, கை மட்டுமல்ல, வாயும் ஓடப் பழகியிருந்தது. நடுத் தட்டு வருவதற்குள் வார்த்தையை முடித்துவிடுவார். சென்செய் மேஜையில் தட்டி, "மோ இச்சிதோ" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். வகுப்பில் அந்த வார்த்தையை அதிகம் வாங்கியவர் அக்காதான். நானாக இருந்தால் மூன்றாவது தடவையில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஏதோ சாப்பாட்டில் மறுசோறு கேட்கிறவர் மாதிரி, தானே, "இன்னொரு வாட்டி" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். பதினைந்தாவது வாட்டியும் தப்பாக இருக்கும். சின்னப் பெண்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அச்சா, இன்னொரு வாட்டி" என்பார்.

பயிற்சிக்கு இடம், நேரம் என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் தட்டித் தட்டிச் சொல்வார். அந்த பையா எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பச்சைமிளகாய் கூடுதலாகப் போடுவார். பஸ்ஸில் சொல்வார். ஆஸ்பத்திரி லிப்டில் சொல்வார். அங்கே 'ஜப்பானி ஆயா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அதுவும் பேரு இல்லதான்" என்றார் என்னிடம். "ஆனா வெறும் ஆயாவுக்குத் தேவல."

ஒருநாள் சென்செய் 'மத்தெ' என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார். 'கொஞ்சம் இருங்க' என்று அர்த்தம். நடுவில் நிற்காமல் சொன்னால் அதே வார்த்தை அதட்டலாகிவிடும்; அங்கே நாயை நில் என்று நிறுத்தி வைக்க அப்படித்தான் சொல்வார்களாம். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இடைவேளையில் டீ குடிக்கும்போது, "அப்ப அந்த ஒரு தட்டுலதான் சார் மரியாத இருக்குது" என்றார். "அத நான் தினம் முழுங்கிகினு இருக்கேன்."

அன்றிலிருந்து அவர் முழுங்கவில்லை. அதுதான் வினையாகப் போனது.

ஜூலையில் முதல் நேர்காணல். ஒரு சின்ன அறையில் கணினி வைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தோம். திரையில், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு வயதான அம்மாள். அந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர். குடும்பம், வேலை பற்றியெல்லாம் கேட்டார்; அக்கா நன்றாகவே சொன்னார். பிறகு, வயதான ஒருவர் அவசரப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மத்" என்றார். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினார். அப்படியே இருந்தார். இந்தத் தடவை விடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கண் கூட இமைக்கவில்லை.

திரையில் இருந்த அம்மாள், "மோஷி மோஷி?" என்றார். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அலுவலகத்துக்காரர் பாய்ந்து வந்து ஒயரை ஆட்டினார், மோடத்தை அணைத்துப் போட்டார். அதற்குள் அக்கா "தெ" என்றார். அந்தச் சந்தடியில் அது யார் காதிலும் விழவில்லை. மறுபடி இணைப்பு கிடைத்தது, மறுபடி கேட்டார்கள், மறுபடி அக்கா "மத்" என்று சிலையாகிவிட்டார். மூன்று தடவை இப்படி. வெளியே நின்ற எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேச்சில் தடை இருக்கிறது, முதியவர்களிடம் வேலை செய்வது சிரமம் என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். அலுவலகத்துக்காரர் பழியை நெட்வொர்க் மேல் போட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னார். அடுத்த வருஷம் அவரே எடுக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மறுநாள் இரவு ட்யூட்டி முடித்துக் காலை நேராக ராஜேந்திரா பிளேஸ் போய், அலுவலகத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, சண்டை போடவில்லை. தொடையில் தட்டி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். விசாரிக்க வருகிறவர்களெல்லாம் முதலில் அவரைப் பார்த்து, இங்கே சேர்ந்தால் இப்படி ஆகிவிடுவோமா என்ற யோசனையில் நின்றார்களாம். ஒன்பதாவது நாள் அலுவலகத்துக்காரர் இறங்கி வந்தார். அக்டோபர் கடைசியில் அதே இல்லத்துக்கு இன்னொரு நேர்காணல் இருக்கிறது, அதில் பெயர் சேர்க்கிறேன், தயவுசெய்து பெஞ்சைக் காலி செய்யுங்கள் என்றார். அக்கா எழுந்து நின்று, இடுப்பை வளைத்து ஜப்பான் வணக்கம் வைத்துவிட்டு வந்தார்.

ஆனால் நடுத் தட்டு இன்னும் வசப்படவில்லை. பயந்தால் நீண்டுவிடும். பயத்தை மறந்தால் ஓடிவிடும். தொடையில் தட்டினால் சரியாக இருக்கும். கையை எடுத்துவிட்டால் போயிற்று. நேர்காணலில் தொடையைத் தட்டிக்கொண்டா உட்கார முடியும்?

செப்டம்பரில் எங்கள் வீட்டுக்காரர், கீழ்வீட்டில் இருந்த பஞ்சாபிப் பெரியவர், குளியலறையில் வழுக்கி இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். அவர் பிள்ளைகள் வெளியூரில். நான்தான் அக்கா வேலை செய்யும் நர்சிங் ஹோமில் சேர்த்தேன். அக்காவை அவருடைய இடத்தில் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். நீல நிறக் கோட்டு, தலையில் துணி. வகுப்பில் இருப்பதை விடப் பாதி வேகம்தான் இருந்தது. மேட்ரன் கதவருகே நின்று, "ஏ ஆயா, ஜல்தி" என்றாள். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

பெரியவர் படுக்கையில் எழுந்து உட்காரவே பயந்தார். யார் தொட்டாலும் உடம்பை விறைத்துக்கொண்டார். அக்கா அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்துத் தன் முழங்காலை வைத்து, இரண்டு கையையும் அவர் அக்குளுக்கு அடியில் கொடுத்து, "பாபுஜி, ஏக்... தோ..." என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தூக்கவும் இல்லை. ஒரு கணம் சும்மா இருந்தார். பெரியவர் தானாக மூச்சை இழுத்தார். அந்த மூச்சோடு அவரை நிறுத்திவிட்டார். கிழவர் நின்றுவிட்டதைக் கிழவரே நம்பவில்லை.

"மூணு சொல்ல மாட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"மூணுன்னா பயந்து இறுக்கிக்குவாங்க சார். ரெண்டுக்கு அப்பறம் நாம சும்மா இருந்தா, அவங்களே மூச்ச இழுத்துகினு வருவாங்க. அப்பத் தூக்கணும். முந்துனாலும் வலிக்கும், லேட்டானாலும் நம்ம இடுப்பு போயிரும்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்னு எப்பிடித் தெரியும்?"

"கையில தெரியும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். அவர் பெரியவரை மறுபடி உட்கார வைத்தார். மறுபடி முழங்காலை முட்டுக் கொடுத்தார்.

"பாபுஜி, இன்னொரு வாட்டி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "தத்தெ" என்றார். எழுந்திருங்கள் என்று அர்த்தம். நடுவில் நின்ற நேரம் ஒரு மூச்சு இழுக்கும் நேரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பஞ்சாபிக் கிழவர் ஜப்பான் வார்த்தைக்கு எழுந்து நின்று, "க்யா போல் ரஹீ ஹை?" என்று என்னிடம் கேட்டார். அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு விளக்குவதற்குள் அக்கா அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார். மெதுவாக, யுக்குரி. சேர்ந்து, இஷ்ஷோ நி. உட்காருங்கள், சுவத்தெ. தன் வேலைக்கு வேண்டிய வார்த்தை பூராவும் நடுவில் நிற்கிற வார்த்தைதான் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"பின்ன இன்னா சார், ஆள அவசரமாவா தூக்குவாங்க" என்றார்.

அந்த மாதம் முழுக்க நர்சிங் ஹோமில் யாரைத் தூக்கினாலும் ஜப்பான் மொழியில்தான் தூக்கினார். பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது அவருக்கே நான்கு வார்த்தை தெரிந்திருந்தது.

நேர்காணலுக்கு ஆறு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து படியிறங்கும்போது என்னை நிறுத்தினார்.

"சார், கையில ஆள் இருந்தாத்தான் எனக்கு வாய் நிக்குது. அன்னிக்கு நீங்க வரணும். நோயாளியா ஒக்காரணும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தனை பெண்கள் நின்று பார்ப்பார்கள். எண்பத்தெட்டு கிலோ ஆள் நான். என்னை ஒரு பெண்மணி அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும், அதை ஜப்பான் வரை பார்க்க வேண்டும். சின்னப் பெண்கள் யாரையாவது கூப்பிடுங்களேன் என்றேன்.

"அதுங்க குருவி மாதிரி. தூக்குறதே தெரியாது." பிறகு குரலை மாற்றாமல், "அன்னிக்கு மெட்ரோவுல என்னைத் தெரியாத மாதிரி நின்னீங்கல்ல. அதுக்குப் பதிலா இதச் செய்ங்க தம்பி" என்றார்.

இத்தனை மாதத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. சார் என்று கூப்பிட்டவர் தம்பி என்று கூப்பிட்டதும் அன்றைக்குத்தான். நான் தலையை ஆட்டினேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அதே அறை, அதே நரைத்த அம்மாள். அக்காவை அவருக்கு ஞாபகம் இருந்தது. போன தடவை இணைப்பு சரியில்லை, இல்லையா என்று கேட்டார். அலுவலகத்துக்காரர் முந்திக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, திரையைப் பார்த்து, "ஈஎ, வதஷி தெஷ்தா" என்றார். இல்லை, தப்பு என்னுடையதுதான். அலுவலகத்துக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு அக்கா, செய்து காட்டலாமா என்று கேட்டார். இந்த ஒரு வாக்கியத்தை சென்செயிடம் மூன்று நாளாகக் கேட்டுப் பழகியிருந்தார். அம்மாள் காட்டுங்கள் என்றதும் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். காது இரண்டும் சுட்டது. கதவுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. உடம்பு மரக்கட்டையாக விறைத்துவிட்டது. நடிக்கத் தேவையே இருக்கவில்லை.

அவர் முழங்கால் என் முழங்காலில் வந்து முட்டியது. கை அக்குளுக்கு அடியில் வந்தது. "இஷ்ஷோ நி" என்றார். "யுக்குரி" என்றார். தொடையைத் தட்டவில்லை, தட்டக் கை இல்லை. பிறகு "தத்" என்றார்.

வார்த்தை நின்றது. அவர் மூச்சும் நின்றது. என்னை யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. அந்த இடத்தில் எனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன். "தெ" என்றபோது நின்றுகொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

திரையில் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மோ இச்சிதோ" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் எத்தனை தடவை வாங்கிய வார்த்தை. என்னைத் திரும்ப உட்கார வைத்து, "இன்னொரு வாட்டி, தம்பி" என்று காதோரம் சொன்னார். மறுபடி எழுந்தேன். மூன்றாம் தடவையும் எழுந்தேன். வெளியே சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அந்த அம்மாள் அக்காவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். அவர் தூக்கியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மார்க் நான். வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் யார் முன்னாலும் பேசியதில்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பதினெட்டு வருஷமும், நவம்பரும், பெஞ்சில் உட்கார்ந்த ஒன்பது நாளும் இப்போது என் நாக்கில் இருந்தன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள அந்த அறையில் ஜன்னல் இல்லை.

"கொவாக்கு நகத்தா தெஸ்" என்றேன். பயமாக இல்லை. அதிலும் நடுவில் ஒரு தட்டு உண்டு. நின்றுதான் சொன்னேன்.

அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். எடுத்தாகிவிட்டது என்ற கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. அக்காவுக்கு நாற்பது முடிய அப்போது பதினோரு நாள் பாக்கி இருந்தது.

எனக்குக் கம்பெனியில் பயிற்சி கிடைக்கவில்லை. வேறு ஒருவனை அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடல் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். போன மாதம் ஒரு புகைப்படம் அனுப்பினார். இளஞ்சிவப்புச் சட்டை, நெஞ்சில் ஒரு அட்டை. அட்டையில் இரண்டு வரி. கீழ் வரி அவர் பரீட்சை எழுதித் தேறிய வேலையின் பெயர். மேல் வரியைப் பெரிதாக்கிப் படித்தேன்.

உடனே போன் செய்தேன். "அங்க ஒங்கள எப்பிடிக்கா கூப்பிடறாங்க?"

"பேரு சொல்லித்தான். எல்லாரும். தொண்ணூத்தி மூணு வயசுப் பாட்டி ஒண்ணு இருக்குது, அதுவும். நடுவுல நிறுத்தி, சுத்தமா சொல்லுது தம்பி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரோடு பழகிய காலம் முழுக்க நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை வாராவாரம் பார்த்திருக்கிறேன், வாயால் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அவரைப் பற்றி எழுதப்போகிறேன், பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எழுத்துல வேணாம்" என்றார். "சொல்லுங்க. வாயால."

நான் மெட்ரோவில் இருந்தேன். சாயங்காலக் கூட்டம். மோதி நகர் தாண்டியிருந்தது. சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"ஓடுறீங்க தம்பி. இன்னொரு வாட்டி."

சத்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை நீண்டுவிட்டது. இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். கம்பியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தொடையில் தட்டி, மூன்றாம் முறை சொன்னேன்.

"சரி" என்றார்.